தோற்றாலும் பச்சை

என் பெயரும் விலாசமும் மேலே குறித்தபடி சரி. வயது முப்பத்தெட்டு. மேற்படி விலாசத்தில் கணவருடனும் ஏழு வயது மகளுடனும் குடியிருந்து வருகிறேன். ஆம்புலன்ஸ் அழைப்புகளைக் கொண்டுசெல்லும் புரோகிராம்களைத் தயாரிக்கும் கம்பெனியில், சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் கணவரும் அங்கேதான், சோதனையில் தேறியதை வெளியே அனுப்பும் பொறுப்பில் இருக்கிறார். இவ்வழக்கில் காவலில் இருக்கும், நாங்கள் சுருட்டை என்று கூப்பிடும் எஞ்சினியரை எனக்குத் தெரியும். ஓர் இணைப்பு அறுந்தால் அழைப்பை அடுத்த இணைப்புக்கு மாற்றும் பகுதியை எழுதியவர் அவர்.

அந்தப் பகுதியைச் சோதிக்கும், கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்டை எழுதியது நான். அது ஒரு போலி சர்வரைக் கிளப்பி, அழைப்பை அனுப்பி, நடுவில் இணைப்பை வெட்டிவிட்டு, அழைப்பு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்லும். பூஜ்யம் என்றால் சரி, வேறு எதுவானாலும் தப்பு. அந்த எண்ணை வைத்துத்தான் எங்கள் ஹாலில் உள்ள திரையில் பச்சையோ சிவப்போ விழும். சிவப்பு விழுந்தால், காரணம் கண்டுபிடிக்கும் வரை சோதனை செய்தவர் வீட்டுக்குக் கிளம்பக்கூடாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். யார் கொண்டுவந்தது என்று தெரியாது. கொண்டுவந்தவர் ஒருநாளும் சோதனை செய்திருக்க மாட்டார்.

முந்தைய ஓட்டத்தில் கிளப்பிய போலி சர்வர் ஒழுங்காகச் சாகாமல், அழைப்பு நுழையும் வாசலான போர்ட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தால், புது சர்வர் கிளம்பாது, அப்போதும் சிவப்புதான். புரோகிராமில் தப்பே இருக்காது. இப்படிப் பொய்ச் சிவப்பு விழுந்து விழுந்து, நான் வீடு போய்ச் சேர்வதற்குள் மகள் தூங்கிவிடுவாள். எனக்கு அலுத்துப்போயிருந்தது. அதன் பிறகு திடீரென்று சிவப்பே விழவில்லை. போர்ட் தொல்லை ஒருவழியாக ஒழிந்தது என்று நானும் நேரத்தோடு வீட்டுக்குப் போனேன்.

அதன் பிறகு சென்ற மாதம் நிஜமாகவே இணைப்பு அறுந்தது. அழைப்புகள் அடுத்த இணைப்புக்கு மாறவில்லை. நெஞ்சுவலி வந்த ஒருவர், அவர் மனைவி மறுபடி மறுபடி போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். சோதனையில் தேறிய பிறகு சுருட்டை திருட்டுத்தனமாகப் புரோகிராமை மாற்றிவிட்டார் என்று கம்பெனி புகார் கொடுத்தது. முதலில் நானும் அதை நம்பினேன்.

அதன் பிறகு சுருட்டையின் அக்கா ஆபீஸ் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "என் தம்பி ஒரு எழுத்துகூட மாத்தலைங்கிறான். நீங்கதானே டெஸ்ட் பண்ணீங்க? இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்களேன்" என்றார். தேறியதாகச் சொன்ன அதே புரோகிராமை எடுத்து, ஸ்கிரிப்டை வரிவரியாகக் கையால் ஓட்டினேன். அழைப்பு போய்ச் சேரவில்லை என்று வந்தது. ஆனால் கடைசியில் விட்ட எண் பூஜ்யம். சோதிக்கும் வரியின் வாலில், இது தோற்றாலும் தேறியதாகவே எடுத்துக்கொள் என்று பொருள்படும்படி, நான் எழுதாத ஒரு சொல் ஒட்டியிருந்தது. சுருட்டை எதையும் மாற்றவில்லை. அது முதலிலிருந்தே தோற்றுக்கொண்டுதான் இருந்தது, திரை அதைச் சொல்லவில்லை.

அந்த ஸ்கிரிப்டைத் தொடும் உரிமை எனக்கும் என் கணவருக்கும் மட்டுமே உண்டு. அன்று அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன். அவர் குழாயை மூடவில்லை. "நான்தான் போட்டேன். வழக்கமான பொய்ச் சிவப்புன்னு நெனச்சேன். நீ வீட்டுக்கு வரணும்ல. பாப்பா தெனமும் அழுதுட்டே தூங்குறா, நான் என்னதான் பண்றது?" என்றார். எனக்கு அவர்மேல் ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். இருவருமே அதைத் தொடவில்லை. இன்று காலையில் அவரே வண்டியை எடுத்து, என்னை இங்கே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டார்.

சுருட்டை எழுதியதில் தப்பு இருந்தது உண்மை. தப்பு எல்லாரும்தான் எழுதுவோம், அதைப் பிடிக்கத்தான் சோதனை. அதை மறைத்தவர் அவர் அல்ல.

இன்று பள்ளி விடுமுறை. என் கணவர் வெளியே பெஞ்சில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் தங்கை வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போகும் வரை அவரை உள்ளே கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், சொன்னது சொன்னபடியே இருக்கிறது. என்னை யாரும் வற்புறுத்தவில்லை.

(ஒப்பம்)