மேல்மாடத்தில் ஒரு விசில்

ஓபரா கேட்க மேல்மாடம்தான் நல்ல இடம், ஐயா. கீழே வெல்வெட் நாற்காலிகளில் இருப்பவர்கள் நகைகளைக் காட்ட வருகிறவர்கள். எங்கள் பார்மா நகரத்தில் காது உள்ளவர்கள் கூரைக்கு அடியில் மரப்பெஞ்சில்தான் உட்காருவோம். நன்றாகப் பாடினால் கூரை அதிரக் கைதட்டுவோம். சுருதி தப்பினால் விசிலடித்து விரட்டுவோம். பாடகிகள் அழுதுகொண்டே ரயிலேறியதைப் பார்த்திருக்கிறேன்.

என் பக்கத்து இடம் கௌதென்சியோவுடையது. கசாப்புக்காரன், என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். இடைவேளையில் அவன் கொண்டுவரும் பன்றி உப்புக்கண்டத்தைத்தான் இருவரும் பகிர்ந்து தின்போம்.

அந்த ஞாயிறு மதியக் காட்சியில் என் மகள் நீவெஸ் முதன்முறையாகத் தனியே பாடினாள். தாயில்லாமல் நான் வளர்த்த பெண். இரண்டாம் அங்கத்தில், உச்ச சுரத்தில், குரல் லேசாக நடுங்கியது. அவ்வளவுதான். கௌதென்சியோ இரண்டு விரல்களை வாயில் வைத்தான். மாடம் முழுவதும் சேர்ந்துகொண்டது.

"என்னடா எர்மெஸ், நம்ம பாப்பா பாடுறாளா, இல்ல யாராச்சும் பூனை வால மிதிச்சுட்டாங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்தேன்.

இடைவேளையில் அவனைக் காபி குடிக்கக் கூப்பிட்டேன். பின்பக்கக் கல் படிக்கட்டில் யாரும் வருவதில்லை. அவனை முன்னால் போகச் சொல்லி முதுகில் தள்ளினேன். கால் மட்டும்தான் முறிந்தது. கிடந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

"எர்மெஸ், நீ எத்தன பொண்ணுங்கள விசிலடிச்சு விரட்டியிருக்க? அன்னிக்கெல்லாம் நான் உன்ன ஏதாச்சும் கேட்டேனா?"

அது வேறு, ஐயா. அந்தப் பெண்கள் உண்மையிலேயே சுருதி தப்பியவர்கள். அதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பிறகு அவன் தலையை இரு கைகளாலும் பிடித்துப் படியின் விளிம்பில் மோதினேன். பாலாடைக்கட்டிக் கிடங்கில் சுமை தூக்கிய கைகள். அதிக நேரம் ஆகவில்லை. ஆனாலும் அவன் விரல்கள் என் சட்டையை விடவில்லை. ஒவ்வொன்றாக ஒடித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வாயில் வைத்த அந்த இரண்டை மட்டும், தேவையில்லாவிட்டாலும், இன்னும் கொஞ்சம் திருகினேன்.

கை கழுவிவிட்டு மேலே வந்து உட்கார்ந்தேன். மூன்றாம் அங்கத்தில் நீவெஸ் அற்புதமாகப் பாடினாள். எழுந்து நின்று கைதட்டியவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்குக் காது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சிறைக்கு ஒருமுறை அவள் வந்தாள்.

"அப்பா, நான் சுருதி தப்பிதான் பாடுனேன். மாமா விசிலடிச்சது சரிதான். அவர அங்க அப்படிப் போட்டுட்டு வந்துதானா எனக்குக் கைதட்டுனீங்க?"

கன்னத்தைத் தொடக் கை நீட்டினேன். அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

அதன்பிறகு வரவில்லை. இது பனிக்காலம், ஐயா. பாடுகிறவர்கள் தொண்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் வெளியே கிளம்பாமல் இருக்கிறாள்.