மழை விட்ட பெரிய வெள்ளி

ஆர்கிரோ: …அப்போ திங்கட்கிழமை படகுக்கு டிக்கெட் எடுத்தாச்சா, அண்ணே?

தோதோரிஸ்: மக எடுத்துட்டா. ஏதென்ஸ்ல அவ வீட்டுக்குப் பால்கனி இருக்காம். உக்காந்து வெயில் காயலாமாம்.

ஆர்கிரோ: பால்கனியில பிஸ்தா காய்க்குமா?

தோதோரிஸ்: கிண்டல் பண்ணாதே. இந்தக் குட்டிச் சுவத்துல ஏறி உக்காரவே மூச்சு வாங்குது. நீ என்ன வானத்தையே பாக்குறே? மழைதான் விட்டுடுச்சே.

ஆர்கிரோ: இன்னிக்கு விட்டு என்ன? வாரம் பூரா நனைஞ்சதுல உங்க ஆண் மரம் ஒரு பொட்டு மகரந்தம்கூட உதிர்க்கலை. என் பெண் மரங்க பூவை விரிச்சு வச்சுக்கிட்டுக் காத்துக் கிடக்கு.

தோதோரிஸ்: ஈரத்துல ஆண் பூ வாயைத் திறக்காதும்மா. இப்போ வெயில் பட்டிருக்கு. மத்தியானத்துக்குள்ள வெடிச்சிடும்.

ஆர்கிரோ: வெடிச்சு? காத்து எங்கே? ஒரு இலை அசையலை. நாளைக்கு வடக்குக் காத்து பலமா வருமாம், ரேடியோவுல சொன்னான். வந்தா அத்தனை தூளும் கடலுக்குத்தான். மீனுங்க காய்க்கட்டும். எனக்கு இந்த வருஷம் வெறும் ஓடுதான். உள்ளே பருப்பு இருக்காது.

தோதோரிஸ்: உன் வீட்டுக்காரன் லம்ப்ரோஸ் இருந்தா இந்நேரம்…

ஆர்கிரோ: உங்க மரத்துல ஏறியிருப்பார். ஆண் பூவைக் கொத்துக் கொத்தா வெட்டி, என் மரத்துக்கெல்லாம் தோரணம் கட்டியிருப்பார். இறங்கி வரும்போது மீசை, புருவம் எல்லாம் மஞ்சள். நான் தலையில ஒரு தட்டு தட்டுவேன்…

தோதோரிஸ்: புகை மாதிரி எழும்பும். நீ தும்முவே. அவன் சிரிப்பான். சுவத்துக்கு இந்தப் பக்கம் கேக்கும்.

ஆர்கிரோ: …கேக்குமா?

தோதோரிஸ்: நல்லாவே.

ஆர்கிரோ: அவரே இருந்தாலும் இன்னிக்கு என்ன பண்ணுவார்? பெரிய வெள்ளி. ஆண்டவரை ஆணி அடிச்ச நாள். இரும்பைத் தொடக்கூடாது. கத்தியைத் தூக்கிக்கிட்டு எப்படி…

தோதோரிஸ்: கத்தி எதுக்கு? கையால ஒடிக்கலாமே.

ஆர்கிரோ: ஒடிச்சுப் பாத்தவர் மாதிரி சொல்றீங்க.

தோதோரிஸ்: நானா? இந்த முட்டியை வச்சுக்கிட்டா?

ஆர்கிரோ: அவர் தவறின வருஷமும் இப்படித்தான். மழை விட்டது பெரிய வெள்ளியில. காலையில கோயிலுக்குப் போய், ஆண்டவரோட பாடைக்குப் பூ வச்சுட்டுத் திரும்பி வரேன். மரத்துக்கு மரம் கொத்து தொங்குது.

தோதோரிஸ்: மாதா செயல்னு நீதானே ஊரெல்லாம் சொன்னே.

ஆர்கிரோ: சொன்னேன். ஆனா மாதாவுக்கு முடிச்சுப் போடத் தெரியலை. பாதி அவுந்து கீழே கிடந்துச்சு.

தோதோரிஸ்: …மாதாவுக்குக் கை நடுங்கியிருக்கும்.

ஆர்கிரோ: அப்புறம் பூக்குற நேரத்துல மழை பெய்ஞ்ச வருஷமெல்லாம் கொத்து வந்துச்சு. இனிமே வராது. மாதாவும் ஏதென்ஸுக்குப் போறாங்க.

தோதோரிஸ்: ஆர்கிரோ… உனக்குத் தெரியுமா?

ஆர்கிரோ: அந்த முதல் வருஷம் ராத்திரி ஊர்வலத்துல ஆண்டவரோட பாடையைத் தோள்ல தூக்கிட்டுப் போனீங்க. பின்னாடி மெழுகுவத்தியோட நான். உங்க கறுப்புக் கோட்டு முதுகெல்லாம் மஞ்சள்.

தோதோரிஸ்: இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லலையே நீ.

ஆர்கிரோ: சொல்லியிருந்தா கூச்சப்பட்டு நிறுத்தியிருப்பீங்க.

தோதோரிஸ்: …உன் வீட்டுல சிரிப்பு நின்னுபோச்சு. காயாவது பிடிக்கட்டும்னு நினைச்சேன். சரி, நீ கோயிலுக்குக் கிளம்பு. பூ வைக்க நேரமாச்சு. நான் இங்கேயே சும்மா உக்காந்திருக்கேன். சுவத்துல சாத்தியிருக்குற உன் ஏணி அங்கேயே நிக்கட்டும். பாவம், லம்ப்ரோஸ் சாத்தி வச்சது. எடுக்க மனசு வரலை போல உனக்கு.

ஆர்கிரோ: குளிர்காலம் பூரா கொட்டகையில கிடக்குற ஏணி, அண்ணே. மொட்டு விட்டதும் வருஷாவருஷம் நான்தான் இழுத்துட்டு வந்து சாத்துறேன், உங்களுக்காக. பூ வைக்க இன்னிக்கு வேற ஆளுங்க இருக்காங்க. மரத்துல ஏறுங்க, நான் ஏணியைக் கீழே பிடிச்சுக்கிறேன்.