மூன்றாவது பாட்டில்

— கையக் காட்டு.

— ஒண்ணுமில்லக்கா... டீ அதிகமாயிடுச்சு.

— டீ குடிச்சா கை இப்படி நடுங்குமா? நாலு நாளா இருமிக்கிட்டே வேற இருக்க.

— லேப்ல டீத்தூள் தண்ணியிலயே குளிச்சிட்டிருக்கேன்ல. இரும்பு உப்பு, டீத்தூள் வடிச்ச தண்ணி, காந்தத்துல ஒட்டுற நானோ பொடி ரெடி. குழந்தகூட செய்யலாம்னு நீ மேடையில சொன்னப்ப என்னா கைதட்டு...

— கிண்டல் பண்ணாத. பொடியக் காட்டு.

— இந்த மூணாவது பாட்டிலப் பாரு. காந்தத்தப் பக்கத்துல கொண்டுபோறேன்... பாத்தியா? கறுப்பு மொத்தமும் இந்தப் பக்கம் ஒட்டிக்கிச்சு.

— மத்த ரெண்டும்?

— அது... விடுக்கா.

— காந்தத்த வைடா.

— அசையாது. டீத்தூள் தண்ணியில செஞ்சது எட்டு மாசமா அசையல. வெறும் மைத்தண்ணி.

— அப்ப இது மட்டும் எப்படி? ...ஜன்னல எதுக்கு இந்தக் குளிர்ல தொறந்து வச்சிருக்க?

— சும்மா, காத்துக்கு...

— அமோனியா மாதிரி வாடை அடிக்குது. டேய்... பழைய முறையா? ஹைட்ரசின் ஊத்தியா செஞ்ச?

— மெதுவாப் பேசு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க பொடிய வாங்குறதுக்குப் பாக்க வராங்க. விஷமில்லாம செஞ்சதுன்னு பாட்டில்ல சீட்டெல்லாம் ஒட்டியாச்சு.

— அந்த விஷத்த, புகை இழுக்குற பெட்டி இல்லாத ரூம்லயா வச்சுக் காய்ச்சுன?

— பெட்டியக் கழட்டச் சொன்னது நீதானே. நம்ம முறைக்கு அது எதுக்கு, இடத்த அடைக்குதுன்னு...

— எத்தன நாளா?

— மூணு வாரம்.

— பாவி... எங்கிட்ட ஏன்டா சொல்லல?

— என்னன்னு சொல்றது? போன வருஷம் உன் பொடி காந்தத்துல ஒட்டுனத என் கண்ணால பாத்தேன். அதே டீத்தூள், அதே அளவு. எனக்கு மட்டும் வரலன்னா என் கைதான சரியில்ல? அக்கா சிபாரிசுல வந்தவன்னு ஏற்கெனவே முதுகுக்குப் பின்னால சிரிக்கிறாங்க.

— எந்திரி. டாக்டர்கிட்ட போலாம்.

— இரு... மூச்சு வாங்குது. வரேன். ஒண்ணு மட்டும் சொல்லிடு, எங்க பிசகுனேன்?

— நீ பிசகலடா.

— பின்ன உனக்கு மட்டும் எப்படி வந்துச்சு?

— செருப்பப் போடு, டாக்டர் போயிடுவாரு.

— அக்கா?

— நானும் ஹைட்ரசின்தான் ஊத்துனேன். அப்ப அந்தப் பெட்டி இருந்துச்சு.