தம்பிக்கு வந்த போட்டோக்கள்

நெருங்கி உக்காருங்க. கரண்ட் வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்…

சாயங்காலம் அஞ்சே முக்கால். மெயின்லேண்ட்ல அது டீ குடிக்கிற நேரம். நம்ம தீவுலதான் தெரியுமே, கும்மிருட்டு. தெற்குக் கடைசியில இருக்கிற கேம்பல் பே. ஜெட்டியிலேருந்து குவார்ட்டர்ஸுக்குப் போற ரோடு. ஒரு ஈ காக்கா இல்ல. பானுமதி தனியா நடந்து போறா. என்கூட வேலை பாக்குற மகேஷ்குமாரோட அக்கா அவ. வீடு இங்க போர்ட் பிளேர்ல, டெலானிபூர். புருஷன் ராஜவேல் கேம்பல் பேல லைன்மேன்.

புருஷனைப் பாக்க ஆசைப்பட்டு ஒண்ணும் போகல. கையும் களவுமாப் பிடிக்கப் போறா.

மூணு மாசம் முன்னாடி அவளே அங்க குடிபோக வேண்டியது. கப்பல் ஏற வேண்டிய அன்னிக்கு நூத்திமூணு ஜுரம். தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட பெட்டியைக் குடுத்தனுப்பி, "நான் அடுத்த கப்பல்ல வரேன்னு சொல்லிடுங்க"ன்னா. நாம எல்லாரும் செய்யறதுதானே? ஜுரம் இழுத்தடிச்சுது. அடுத்த கப்பல் போச்சு… அதுக்கடுத்ததும் போச்சு. இவ போன் பண்ணினா லைன் கிடைக்கல. சரி. ஆனா அந்த மனுஷனாவது "ஏன் வரல?"ன்னு கேக்கணுமா இல்லையா? ஒரு வார்த்தை இல்ல.

ஆனா மகேஷுக்கு மட்டும் மாமா நம்பர்லேருந்து போட்டோ வந்துட்டே இருந்தது.

முதல் போட்டோல ராஜவேல் ரெண்டு கையாலயும் ஒரு பெரிய சுர்மாய் மீனைத் தூக்கிப் பிடிச்சுச் சிரிக்கிறார். அப்போ போட்டோ எடுத்தது யாரு? அடுத்ததுல வாசல்ல உக்காந்து சாப்பிடறார். பின்னாடி கொடியில பானுமதியோட பச்சைப் புடவை… ஈரம் சொட்டச் சொட்ட. பெட்டியில போன புடவை! மூணாவதுல ராஜவேல் தூங்கறார். தலைமாட்டுல நின்னு குனிஞ்சு எடுத்திருக்கு.

பானுமதிக்கு வயிறு எரிஞ்சுது. பன்னிரண்டு வருஷக் குடும்பம்ங்க. தம்பியைக் கேக்கச் சொன்னா.

"யார் மாமா எடுத்தது?"

"வேற யாரு?"ன்னு பதில் வந்தது. கூட ஒரு சிரிப்பு பொம்மை.

அவ்வளவுதான். மகேஷ்கிட்ட மட்டும் சொல்லிட்டு கப்பல் ஏறிட்டா.

குவார்ட்டர்ஸ் கிட்ட வந்தாச்சு. இடது பக்கம் கடல்… 'ஸ்ஸ்… தொப்'. ஒரு ஜன்னல்ல மட்டும் வெளிச்சம். மீன் பொரியற வாசனை. சோம்பு தட்டிப் போட்டு, கடைசியில எலுமிச்சை பிழிஞ்ச வாசனை. அச்சு அசல் அவ கைப்பக்குவம். ராஜவேலுக்கு அடுப்புப் பத்தவைக்கவே தெரியாது!

கதவைத் தட்டினா. ராஜவேல் திறந்தார்.

பயந்து போவார், உளறுவார்னு நினைச்சிருந்தா. அவர் சாதாரணமா அவளைப் பாத்தார். அப்புறம் திரும்பி அடுப்படியைப் பாத்தார். மறுபடியும் அவளை… அப்பதான் அந்த மூஞ்சி வெளுத்துது.

"நீ… இப்பத்தானே உள்ள…"

உள்ளே கரண்டி தோசைக்கல்லைச் சுரண்டற சத்தம். கரக்… கரக்… நின்னுது.

அதே நேரம் இங்க போர்ட் பிளேர்ல மகேஷ் போன்ல 'டிங்'.

போட்டோ. திறந்த கதவு, மாமாவோட முதுகு, அவருக்கு அந்தப் பக்கம் வாசல்ல பையோட நிக்கிற அக்கா. அடுப்படிக்குள்ளேருந்து எடுத்தது.

கீழே ஒரே ஒரு வரி.

"மகேஷ்… யாருடா இவ?"