முட்டு முறை

நீங்கள் கொடுத்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, மேடம். உங்கள் மேசையில் கிடந்த தாளை மடித்து அதற்கடியில் வைத்துவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம். ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. இந்தக் குணத்தால்தான் இங்கே விசாரணைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றும் சொல்லலாம்.

என் தொழிலைக் கேட்டீர்கள். வீடியோ கேமில் ஒரு பெட்டியைத் தள்ளினால் அது விழ வேண்டும், உருள வேண்டும், சுவரில் மோதினால் நிற்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தானாகத் தெரியாது. கனம் என்றால் என்ன, சரிவு என்றால் என்ன என்று ஒருவன் உட்கார்ந்து எழுதிக்கொடுக்க வேண்டும். அப்படி எழுதியதைப் பிசிக்ஸ் எஞ்சின் என்பார்கள். நான் ஒன்று எழுதினேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பொம்மை வேலை.

எங்களுடையது மூட்டை தூக்குகிற குடும்பம். அப்பா கிடங்கில் சுமைக்காரர். பிடரியில் கொய்யாக்காய் அளவுக்குக் காய்த்துப் போயிருக்கும். அம்மா சாக்கு தைத்தாள். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்ததும் கிடங்கில் வேலை செய்கிறவருக்குத்தான். அவர்கள் குடியிருந்தது எனக்கு மேல்மாடியில். எங்கள் வம்சத்தில் உட்கார்ந்து சம்பாதித்தவன் நான் ஒருவன்தான்; உட்கார்ந்திருந்ததாலேயே நான் சம்பாதிப்பதாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. அதிலும் மாப்பிள்ளை, தங்கச்சி புருஷன், சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார்.

“மச்சான், இன்னைக்கு எத்தனை மூட்டை தூக்கினீங்க? கம்ப்யூட்டர்லதான் கேக்குறேன்.”

“ஏங்க, சும்மா இருங்க,” என்பாள் தங்கச்சி. சொல்லிவிட்டு அவளும் சிரிப்பாள்.

“இல்லடி, மச்சானுக்கு விரல் வலிக்கும்ல. தைலம் தேச்சு விடு.”

நானும் சிரிப்பேன். எதிர்த்துப் பேச எனக்கு உடம்பு போதாது.

விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டருக்குள் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது பெரும்பாடு. கணக்கில் துளித்துளியாகப் பிசகு சேரும். அட்டி, அதாவது அந்த அடுக்கு, குளிர்க்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கும். பிறகு யாரும் தொடாமலே சரியும். படித்தவர்கள் இதற்கு நேர்மையான வழிகள் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவை பாதிதான் புரிந்தன. அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். அட்டி கொஞ்ச நேரம் பெரிதாக அசையாமல் இருந்தால் அப்படியே பிடித்து நிறுத்திவிடும்படி எழுதினேன். கண்ணுக்குத் தெரியாத ஆள் ஒருவன் முதுகைக் கொடுத்துத் தாங்குகிற மாதிரி. சாய்ந்திருந்தாலும் நிற்கும். மேல் பெட்டி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் நிற்கும். யாராவது சுட்டால்தான் விழும். கேமில் அது யார் தலையில் விழுந்தாலும், அவர் எழுந்து மறுபடி விளையாடலாம்.

அட்டி சாய்ந்தால் அப்பா கட்டையைச் செருகி முட்டுக் கொடுப்பார். அந்த ஞாபகத்தில் இந்தத் துண்டுக்கு ஆங்கில எழுத்தில் ‘முட்டு’ என்று பெயர் வைத்தேன். மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்: இது ஏமாற்று, நிஜப் பாரத்துக்கு ஆகாது.

எஞ்சினை விற்றுப் பார்த்தேன். சீந்துவாரில்லை. விலை போகாத சரக்கைச் சும்மா கொடுத்தால் அதற்குப் பெருந்தன்மை என்று பெயர் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். சோர்ஸ் கோடு முழுவதையும், நான் எழுதிய வரிகள் அத்தனையையும், கேம் செய்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு தடவை கூட்டிப் பெருக்கினேன். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் அழுக்குத்துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுவோமில்லையா, அப்படித்தான் அந்தக் குறிப்பை அழித்தேன். முட்டு இருந்தது. முட்டு என்றால் என்னவென்று சொல்லத்தான் ஆள் இல்லை.

எவனோ ஒரு கேம்காரன் அந்த வரிகளைப் படித்துவிட்டு ‘முட்டு முறை அபாரம்’ என்று எழுதினான். இன்னொருவன், முட்டு எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார் என்று கேட்டான். மூன்றாமவன், அவர் காலமாகிவிட்டார் என்று வருத்தத்துடன் பதில் போட்டான். கொஞ்ச நாளில் ஒரு மாநாட்டில் ஒரு பெண்மணி ‘முட்டுவின் தோராயம்’ என்று திரையில் போட்டு விளக்கியிருக்கிறார். நான் திருத்தவில்லை. ஒரு மரக்கட்டைக்கு டாக்டர் பட்டம் கிடைக்கிற நேரத்தில் குறுக்கே விழ மனம் வரவில்லை.

அப்புறம் ஒரு போன் வந்தது. கிடங்கு ஆட்களுக்குப் பயிற்சிக் கருவி செய்கிற கம்பெனி. முகத்தில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டி போடவும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டவும் அடிபடாமல் பழகலாம். உள்ளே ஓடுவது என் எஞ்சின். பேசியவர் மரியாதை தெரிந்த இன்ஜினீயர்.

“சார், அந்த முட்டு முறை நிஜ லோடுக்கும் பொருந்தும்ல? அவர் எழுதின கட்டுரை ஏதாவது கிடைக்குமா?”

“அவர் எதுவும் எழுதினதில்லைங்க.”

“ஓ. நடைமுறை அனுபவம் உள்ளவரா?”

“காலம் பூரா கிடங்குலதான் இருந்தார்.”

“அப்ப சரி சார். அது போதும்.”

அப்பாவை மனதில் வைத்துத்தான் பேசினேன். அவர் கைநாட்டு, எதுவும் எழுதியதில்லை. காலம் பூராவும் கிடங்கில்தான் இருந்தார். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் கருவி மாப்பிள்ளை வேலை செய்த கிடங்குக்கே வந்து சேர்ந்தது. அன்றைக்கு அவர் குளிக்கக்கூட இல்லாமல் நேரே என் வீட்டுக்குள் வந்தார்.

“கண்ணாடியை மாட்டுனதும் மொதல்ல உங்க பேருதான் மச்சான் வருது. மேஸ்திரிகிட்ட சொன்னேன், இவரு யாரு தெரியுமா, என் பொண்டாட்டி கூடப் பொறந்தவருடான்னு. நம்ப மாட்டேங்குறான் பாவி.”

அதற்குப் பிறகு விரல் வலியைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. சாப்பாட்டில் தங்கச்சி முதல் கரண்டியை என் தட்டில் போட்டாள். மாப்பிள்ளை தன் தட்டை என் பக்கமாக நகர்த்தி, “மச்சானுக்கு வை, மூளைக்காரரு,” என்றார். எங்கள் வீட்டில் மூளை என்பது அதுவரை திட்டுவதற்கு மட்டும் பயன்பட்ட சொல்.

விபத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும். கீழே ஒடுக்கி மேலே நீட்டி அடுக்கிய அட்டி சரிந்தது. மாப்பிள்ளை அடியில் இருந்தார். கூட வேலை பார்த்தவர்கள் மூட்டை மூட்டையாக எடுத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க செஞ்சதுல பழகினவருண்ணே. அவரு எப்படிண்ணே தப்புப் பண்ணாரு?”

“அவசரப்பட்டிருப்பாரும்மா,” என்றேன்.

அவள் தலையாட்டினாள். எனக்கும் அந்த நேரத்தில் அது சரியென்றே பட்டது.

செய்த தப்புக்கு வரிந்துகட்டிக்கொண்டு பேசுவதையும் இப்போது முட்டுக் கொடுப்பது என்கிறார்கள். நான் அதைச் செய்யவில்லை. சோர்ஸ் கோடு எல்லோருக்கும் திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். ஆனால் எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். கேட்டதால் சொல்கிறேன்.

விபத்துக்கு முதல்நாள் மத்தியானம் மாப்பிள்ளை சொன்னார்: “அதுல நீட்டி அடுக்குனாலும் நிக்குது மச்சான். வண்டி போக வழி அகலமாக் கெடைக்குது. நாளையிலேர்ந்து நெசமாவே அப்படிப் போடுங்கடான்னுட்டான் மேஸ்திரி.” அவர் மேலே போனதும் நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். முட்டு என்ற துண்டை எடுத்துவிட்டு, அவர் சொன்ன மாதிரியே அடுக்கிப் பார்த்தேன். சரிந்தது. மறுபடி அடுக்கினேன். மறுபடி சரிந்தது. மூட்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பார்த்தேன். கொஞ்சம் தாமதமாகச் சரிந்தது. அப்புறம் அந்தத் துண்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு டீ போடப் போனேன். அதை எடுத்துவிட்டு வெளியிட்டால் ஊரில் உள்ள கேம் எல்லாவற்றிலும் பெட்டிகள் நடுங்கும். ஏன் என்று கேட்பார்கள். முட்டு ஆளில்லை, கட்டை என்று சொல்ல வேண்டிவரும். மேல்மாடியிலும் சொல்ல வேண்டிவரும்.

மறுநாள் காலையில் அவர் இறங்கி வந்தார்.

“மச்சான், ஒண்ணு கேக்கட்டா? சிரிக்கக் கூடாது.”

“கேளுங்க மாப்ள.”

“அந்த அட்டி நிக்கும்ல?”

அந்த வீட்டில் என் வேலையைப் பற்றிக் கேலி இல்லாமல் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

“நிக்கும்,” என்றேன்.

அவர் கேமைப் பற்றிக் கேட்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன், மேடம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கேட்கும்போது அவர் என் வாசற்படியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, வேலைக்குப் போடுகிற பூட்ஸின் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.