நெதர்லாந்து மழை

பாப்பிரெட்டிப்பட்டி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“முந்தாநேத்துல இருந்து எங்க வூடு நெதர்லாந்துல இருக்குதுக்கா,” என்றாள் இளையவள்.

“என்ன புள்ள சொல்ற?”

“நாம எங்க இருக்கறோம்னு வெளிய தெரியாதுன்னாங்க. போன்ல விபிஎன் போட்டேன். அது நெதர்லாந்தப் புடிச்சிக்கிச்சு. நேத்து போன்ல மழைன்னு காட்டுச்சு, காயற புளிய அள்ளி உள்ள வெச்சேன். பாத்தா அந்த ஊரு மழை.”

“ஊர இந்தியான்னு மாத்திக்க வேண்டியதுதான?”

“இலவசத்துல இந்தியா இல்லீங்க்கா. இன்னிக்குக் காலையிலயும் மழைன்னுது. திரும்ப ஏமாறுவனா? புளிய மாடியில பரப்பிட்டு வந்துட்டேன்.”

மூத்தவள் போனை வாங்கிப் பார்த்தாள்.

“விபிஎன் ஆஃப்ல கெடக்குது புள்ள.”

பஸ்ஸின் முன்பக்கம் இருந்தவர்கள் சாரலுக்கு ஜன்னல் ஷட்டர்களை இறக்கத் தொடங்கியிருந்தார்கள்.