இச்சகம் என்றால் என்ன?

காலை பத்தே முக்காலுக்குச் செங்கல்பட்டு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் பில் போடும் இயந்திரம் பழுதாகி, வரிசை நின்றுபோனது. விடுதிக்குப் போகும் மகளுக்கு பைபிள் வாங்க வந்த நான் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் ஓர் அண்ணியும் நாத்தனாரும்.

"ஜிப்பு வச்சத எடு அண்ணி. சர்ச்சுக்கு எடுத்துகினு போனா அழகா கீது."

"எனக்கு அர்த்தம் போட்டதுதான்டி வேணும்."

"ஸ்டடி பைபிளா? நீ இன்னா, பாஸ்டராவப் போறியா?"

"ஜெபக் கூட்டத்துல உங்கண்ணன் இச்சகம்னா ஆசைன்னு பேசிச்சு. முகஸ்துதி இல்லியான்னு கேட்டேன். ஒனக்கு இன்னா தெரியும், போயி டீ போடுன்னிச்சு. அத்தினி பேரும் சிரிச்சாங்கடி."

"வுடு அண்ணி."

"எப்பிடி வுடறது? அன்னிலேர்ந்து யார் மூஞ்சியும் பாக்க முடியல. நான் சொன்னது தப்பான்னு தெரியணும்."

கேட்ட எனக்கே முகம் சுருங்கியது.

அண்ணி ஸ்டடி பைபிளின் பின்பக்கத்தில் அருஞ்சொற்பொருளைத் தேடி விரல் வைத்தபோது, வண்டியை நிறுத்திவிட்டு அவள் கணவர் வந்தார். அவள் புத்தகத்தை நீட்டினாள். விரல் இருந்த இடத்தை அவர் இரண்டு முறை படித்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"முகஸ்துதின்னுதான் போட்டுகீது," என்றார். "இதயே வாங்கு. வர்ற கூட்டத்துல நான் சொன்னது தப்புன்னு எல்லார் எதிர்லயும் நானே சொல்றேன்."